அந்தத் துருவைத் தேய்க்காதீங்க, ப்ளீஸ்

போன வாரம் இன்னொண்ணு வந்துச்சு. தாத்தா 1945ல சண்டை முடிஞ்சு ஊருக்குக் கொண்டு வந்த ஜப்பான் ஆபீசர் வாள், பேரன் பிடியைக் கழட்டி உள்ள இருந்த இரும்பை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சுக் கொண்டு வந்து "சார் இது எந்த வருஷம்?"னு கேட்குறார். வருஷம் அங்கதான் தம்பி இருந்துச்சு.

பிடிக்குள்ள போற அந்தப் பாகத்துக்கு நாகாகோன்னு பேரு. கொல்லர் பேரு ஒரு பக்கம், தேதி வெட்டியிருந்தா பெரும்பாலும் மறுபக்கம். எழுத்தே இல்லாத வாளுக்குக் கூட துருவோட நிறம், அரத் தடம் ரெண்டையும் பார்த்துத்தான் வயசு சொல்றோம். துருவைத் தேய்ச்சா வாளோட மதிப்பும் போச்சு.

இன்னொண்ணு, தேதியில ஷோவா 18னு (ஷோவாங்கிறது ஜப்பான் பேரரசர் ஆட்சி வருஷக் கணக்கு) படிச்சுட்டு 1918ங்குறாங்க. 1925ஐக் கூட்டுங்க, 1943 வரும்.

எனக்கு ரொம்பக் கோபம் வர்றது இதுக்குத்தான்: "உறை, பிடி எல்லாம் மிலிட்டரி, அப்போ வாளும் பாக்டரி சரக்குதான்." இல்லைங்க! 1934ல, இடுப்புல தொங்கவிடுற பழைய தாச்சி வாள் பாணியில புது ராணுவ வாள் வந்துச்சு, 1938ல அதையே கொஞ்சம் மாத்தினாங்க, அந்த வருஷமெல்லாம் பிடிக்கும் உறைக்கும்தான். ஆபீசர்கள் வாளைச் சொந்தமா வாங்கிக்கணும், அதனால வீட்டுல பரம்பரையா இருந்த வாளை அந்தப் பிடியில மாட்டிக்கிட்டு போனவங்க நிறைய பேர், சிலது முந்நூறு நானூறு வருஷப் பழசு. சட்டை புதுசுன்னா ஆளும் புதுசா? நாகாகோவுல ரெண்டு மூணு ஆணி ஓட்டை இருந்தா பழைய வாளை வெட்டிக் குட்டையாக்கி மாட்டியிருக்கலாம்னு சந்தேகப்படணும். ஜப்பான்ல வாள் செய்யுற சேகி ஊர் முத்திரை, ஷோவா முத்திரை இருந்தா பொதுவா பழைய முறையில அடிக்காத போர்க்கால வாள். நட்சத்திர முத்திரைன்னா ராணுவம் அங்கீகரிச்ச கொல்லர், அதை அலட்சியமா வித்துடாதீங்க.

வாள் தகட்டுலயே வரிசை நம்பர் அடிச்சிருந்தா அது பெரும்பாலும் 1935 மாடல், ஆபீசருக்குக் கீழ இருந்தவங்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. அந்த நம்பர் வருஷம் இல்ல. போலிக்காரங்களும் இப்போ நம்பர் அடிக்கிறாங்க, அதனால நம்பரை மட்டும் நம்பி காசு கொடுக்காதீங்க.

பிடியில இருக்குற மூங்கில் ஆணியை மரக்குச்சி வச்சு மெதுவா தள்ளுங்க, வரலைன்னா விட்டுடுங்க, சுத்தியல் எடுக்கவே கூடாது. வெறுங்கையால தகட்டைத் தொடாதீங்க, வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும். நாகாகோவை ரெண்டு பக்கமும் சாய்ந்த வெளிச்சத்துல போட்டோ எடுத்துட்டு பழையபடி மாட்டி வைங்க. அந்தப் போட்டோவை அனுப்புனாலே பாதி வேலை முடிஞ்சிரும்.