புள்ளி மறைஞ்சிருச்சுன்னு விட்றாதீங்க

தைப்பூசத்துக்கு மொத நாள் சாயங்காலம் பினாங்கு பாயான் பாருல இருக்குற ஒரு அக்கா வாட்சாப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க, "தம்பி, புது மீனு மேல இருந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் காணோம், பூண்டு கலந்து சாப்பாடு போட்டேன், சரியாயிருச்சு, நீங்க வர வேணாம்"னு. நான் உடனே போன் போட்டு, அக்கா அது சரியாகல, புள்ளியாத் தெரிஞ்ச ஒட்டுண்ணி கீழ எறங்கியிருக்கு, மீனுங்கள வெளிய எடுத்துருவோம்னு சொன்னேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கெளம்புற அவசரத்துல இருந்தாங்க, திருநாள் முடியட்டும்பான்னுட்டாங்க. ஒன்பதாவது நாள் போய்ப் பாத்தா அஞ்சு மீனுக்கும் ஒடம்பு பூரா ரவையைத் தூவி விட்ட மாதிரி இருக்கு. ஆறு வருஷமா வளத்த ஜோடி கிளவுன் மீன்ல ஒன்னு அனிமோனுக்குப் பின்னாடி செத்துக் கெடந்துச்சு, இன்னொன்னு அது பக்கத்த விட்டு நகரவே இல்ல. அக்கா அழுதுட்டாங்க. எனக்கும் மனசு தாங்கல, அன்னிக்கே நேர்ல போயிருக்கணும்.

பினாங்குல கடல்மீன் டேங்க் சர்வீஸ் பண்ணிட்டு வர்றேன், நான் பாத்த சாவுல பாதிக்கு மேல இந்த ஒரு தப்பான நம்பிக்கையாலதான். அந்த ஒட்டுண்ணி பேரு கிரிப்டோகாரியான். மீன் தோலுக்கு அடியில மூணுலேர்ந்து ஏழு நாள் தின்னு வளந்துட்டு தானாவே கழண்டு விழும், நீங்க பூண்டு போட்டாலும் விழும் போடாட்டியும் விழும். விழுந்தது மணல்லயும் கல்லுலயும் கூடு கட்டி ஒட்டிக்கிட்டு உள்ளுக்குள்ள நூத்துக்கணக்குல பிரியும், அப்புறம் வெடிச்சு வெளிய வந்து மீனைத் தேடும். மொதல்ல பத்துப் புள்ளி இருந்த மீனு அடுத்த சுத்துல எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. புக்கிட் தம்புன் மாதிரி எடத்துல கூண்டு போட்டு சியாக்காப் (கொடுவா), கெராப்பு (களவா) வளக்குறவங்களுக்கும் இதே ஒட்டுண்ணிதான் எதிரி.

மருந்துல காப்பர்தான் நான் அதிகமா நம்புறது. ஆனா காப்பர் மீன் மேல ஒட்டியிருக்குறதக் கொல்லாது, கூட்டுக்குள்ள இருக்குறதயும் கொல்லாது, வெளிய வந்து நீந்துற குஞ்சத்தான் கொல்லும், அதனால அளவு ஒரு நாள் கூட கொறையாம இருக்கணும். தண்ணியில கட்டுண்டு நிக்கிற வகை (கீலேட்டட்) காப்பர்னா 2.25லேர்ந்து 2.5 பிபிஎம், ரெண்டு மூணு நாள்ல மெதுவா ஏத்தி முப்பது நாள் பிடிக்கணும். நடுவுல எறங்கிருச்சுன்னா மறுபடி ஒன்னாம் நாள்தான். தெனமும் டெஸ்ட் பண்ணுங்க, கண்ணால பாத்து ஊத்துற வேலையே வேணாம். அந்த மருந்துக்குப் பொருந்துற டெஸ்ட் கிட்டான்னும் கேட்டு வாங்குங்க. மீனைத் தனி டேங்குக்கு மாத்தி அங்கதான் மருந்து போடணும், மெயின் டேங்க்ல காப்பர் ஊத்தவே ஊத்தாதீங்க, பவளம், அனிமோன், எறா, நத்தை எல்லாம் போயிரும், லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்குற கடல் பாறை) அதை உறிஞ்சி வச்சுக்கும்.

தனி டேங்க்னா பயந்துறாதீங்க. ரெண்டடி கண்ணாடித் தொட்டி, இல்ல சுத்தமான பிளாஸ்டிக் தோங் (பெரிய வாளி) போதும், ஒரு ஹீட்டர், காத்து பம்ப், ஒளிஞ்சுக்க நாலு துண்டு பிவிசி பைப். மணலும் கல்லும் வேண்டாம். ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்னை இப்பவே உங்க சம்ப்ல (மெயின் டேங்குக்குக் கீழ இருக்குற பில்டர் தொட்டி) போட்டு வைங்க, பாக்டீரியா ஊறியிருந்தா அவசரத்துக்கு ஒதவும், ஏன்னா குவாரண்டின்ல அமோனியாவும் நெறைய மீனைக் கொல்லுது. அமோனியா ஏறுச்சுன்னா தண்ணி மாத்துங்க, மாத்துற தண்ணியிலயும் அதே அளவு காப்பர் கலந்து. அமோனியாவை அடக்குற கண்டிஷனரைக் காப்பரோட சேக்காதீங்க, மீனுக்கு வெஷமாயிரும்.

எல்லாமே வெள்ளைப்புள்ளி கிடையாது. மீனு பம்ப் தண்ணி அடிக்கிற எடத்துலயே போய் நின்னு வேகமா மூச்சு வாங்குது, வெளிச்சத்தக் கண்டா ஒதுங்குது, தோல்ல மஞ்சத்தூள் பூசின மாதிரி நைஸா ஏதோ தெரியுதுன்னா அது வெல்வெட், ரெண்டு மூணு நாள்ல டேங்கையே காலி பண்ணிரும். இதுக்கும் காப்பர் கேக்கும், ஆனா இங்க நேரம் கெடையாது, அன்னிக்கே எடுங்க. கிளவுன் மீனுக்குத் தோல் சளி மாதிரி உரிஞ்சா அது ப்ரூக்லினெல்லா, அதுக்குக் காப்பர் கேக்காது, பார்மலின் வேணும். தட்டைப்புழுவுக்கும் காப்பர் கேக்காது. அதே சூடு, அதே பிஎச்ல இருக்குற உப்பில்லாத நல்ல தண்ணியில மீனை அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க, அதுவரைக்கும் கண்ணுக்கே தெரியாத புழு வெள்ளை எள்ளு மாதிரி கீழ உதுந்து கெடக்கும். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டே இருங்க, மீனு தாங்கலன்னா ஒடனே எடுத்துருங்க. அப்புறம் ப்ராசிகுவாண்டல் போடணும்.

அக்கா வீட்டுல மூணு மீனு பொழச்சுது. ஆனா மெயின் டேங்க்ல ஒரு மீனு கூட இல்லாம 76 நாள் விட்டோம், ஏன்னா கூடு சாதாரணமா ஒரு மாசத்துக்குள்ள வெடிச்சாலும் 72 நாள் வரைக்கும் தாங்குனதாப் பதிவு இருக்கு. எறா, நத்தைக்கு மட்டும் கொஞ்சம் சாப்பாடு. வெறும் தொட்டியப் பாக்க முடியலப்பா, ஒரே ஒரு சின்ன மீனாவது விடவான்னு அக்கா நாலஞ்சு தடவ கேட்டாங்க, நான் விடல, அந்த ஒரு மீனு இருந்தாலே ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு கெடச்சுரும்.

புது மீன் வாங்குனாலும் இதே ஒரு மாசம் தனியா வைங்க. தனி வலை, தனி வாளி, கையக் கழுவிக் காய வச்சிட்டு அடுத்த டேங்கத் தொடுங்க, மீனை மெயின் டேங்குக்கு மாத்துறப்ப மீனை மட்டும் விடுங்க, பைத் தண்ணிய சிங்க்ல ஊத்துங்க.