புற்றுநோய் அறுவைக்குப் பின் கால் வீக்கம்: தாமதம் எதைக் கெடுக்கிறது?

கருப்பை அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் பலர் என்னிடம் வந்து சேரும்போது, வீங்கிய கால் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கிறது. "உயிர் பிழைத்ததே பெரிது, கால்தானே" என்று யாரோ ஆறுதல் சொல்லியிருப்பார்கள். சில சமயம் மருத்துவரே சொல்லியிருப்பார். அந்த ஆறுதல்தான் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது.

இடுப்புக்குழியிலோ தொடையிடுக்கிலோ நிணநீர் முடிச்சுகளை அகற்றினாலும், அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலும், காலின் திசுக்களில் கசிந்து, ரத்தத்துக்குத் திரும்ப மேலேறும் திரவமான நிணநீரின் வழி அடைபடலாம். வீக்கம் சில மாதங்களிலும் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரும். புதிதாக வீங்கினால் முதலில் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா, புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சிறுநீர் பிரிய மாத்திரை விழுங்குவது இதற்குத் தீர்வல்ல.

தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். தேங்கியிருப்பது பெரும்பாலும் நீர். காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் கட்டும் அழுத்தக் காலுறையும் அப்போது நன்றாகவே உதவும். நாளாக ஆகக் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து, நிணநீர்க் குழாய்களும் தடித்துச் சுருங்கிவிடும்.

இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைக் கால்விரல் இடுக்கில் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்போம். கோடு கோடாகத் தெரிந்தால் குழாய்கள் இன்னும் வேலை செய்கின்றன. அவற்றைப் பக்கத்துச் சிறு சிரையோடு இணைத்து, நிணநீரை ரத்தத்தில் வடியவிடலாம். 1 மில்லிமீட்டரும் இல்லாத குழாய்களை, தலைமுடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கியின் கீழ் தைக்கும் வேலை இது. தோலில் சிறு கீறல்கள் மட்டுமே விழும்.

குழாய்கள் கெட்டிருந்தால், வேறிடத்து நிணநீர் முடிச்சுகளை அவற்றின் ரத்தக்குழாயோடு எடுத்துவந்து காலில் பொருத்தலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும். எடுத்த இடத்தில் புதிய வீக்கம் வந்துவிடக் கூடாதே என்பதால், வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலிருந்து எடுப்பதையே நான் விரும்புகிறேன். ஆனால் சினைப்பைப் புற்றுநோய் அறுவையில் அந்தத் திரையையே பெரும்பாலும் அகற்றியிருப்பார்கள். பழைய அறுவைக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

அழுத்தினாலும் குழி விழாத அளவுக்குக் கொழுப்பு இறுகிய காலுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. காலின் அளவு நன்றாகவே குறையும்.

எந்தக் கட்டத்திலும் காய்ச்சலோடு கால் சிவந்து சூடேறினால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு தொற்றும் மீதமுள்ள குழாய்களையும் கெடுக்கும்.

அறுவைக்குப் பிறகு காலுறையைக் கழற்றிவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குழாய் இணைப்பு நன்றாக வேலை செய்தால் சிலருக்குப் படிப்படியாகக் குறைக்கலாம். கொழுப்பை உறிஞ்சி எடுத்தவர்களுக்கு முடியாது. வாழ்நாள் முழுதும் அணியவே வேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர்களுக்கு அந்தச் சிகிச்சையை நான் செய்வதில்லை.