‘இலகுவான மேசைக் கணனிச் சூழல்’ எனும் பிழை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தட்டில் குடியிருக்கும் உயர்தர மாணவன் ஒருவன் சென்ற மாதம் தன் பழைய மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தான். 4 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட அந்தப் பொறியில் விண்டோஸ் திறந்து முடிவதற்குள் ஊற்றி வைத்த தேநீர் ஆறிவிடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் நிறுவினால் பொறி பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பயிற்சி வகுப்பொன்றில் கொடுக்கப்பட்ட கையேட்டை அவன் புரட்டியிருக்கிறான். வேகம் குன்றிய கணனிகளுக்கு ‘இலகுவான மேசைக் கணனிச் சூழல்’ ஒன்றைத் தெரிவுசெய்க என்று அதில் அச்சிட்டிருந்தது. “மாமா, இது மேசைக் கணனிக்கு எண்டுதானே போட்டிருக்கு, அப்ப என்ர லப்டொப்புக்கு எதைப் போடுறது?” என்று அவன் கேட்டான்.

‘லைட்வெயிட் டெஸ்க்டொப் என்விரோன்மென்ட்’ என்னும் ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பாக வரும் இந்தச் சொற்றொடரை நான் பல கையேடுகளில் கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். ஆனால், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்துப் பொருள் கொண்ட ஒரு பிள்ளை அதனாலேயே வழிதவறியதை அன்றுதான் நேரில் கண்டேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்பது உள்ளபடி கர்னல், அதாவது வன்பொருளை ஆளும் உட்கரு, மட்டுமே. பாவனையாளர் திரையில் காணும் எதையும் அது வரைவதில்லை. சாளரங்களுக்குச் சட்டமும் தலைப்புப் பட்டையும் இட்டு அவற்றை நகர்த்தித் தரும் சாளர மேலாளர், திரையோரத்துப் பட்டை, பட்டியல், கோப்பு மேலாளர், ஒலி, ஒளி, வலையமைப்பு ஆகியவற்றைச் சரிசெய்யும் அமைப்புப் பெட்டி என்பனவெல்லாம் தனித்தனி நிரல்கள். இவற்றை ஒன்றோடொன்று இசையுமாறு எழுதி, ஒரே தோற்றத்தில் சேர்த்துத் தரும் கூட்டுக்கே ‘டெஸ்க்டொப் என்விரோன்மென்ட்’ என்று பெயர். விண்டோஸில் இந்தக் கூட்டு ஒன்றே ஒன்றாய், பணிசெயல் முறைமையோடு ஒட்டியே வருவதால் அதற்குத் தனிப்பெயர் சொல்லும் தேவை யாருக்கும் எழுவதில்லை. லினக்ஸிலோ நோம், கேடிஈ, எக்ஸ்எப்சிஈ, மாட்டே, எல்எக்ஸ்கியூடி என்று பல உள. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம் என்பதனால் பெயரும் வேண்டியதாயிற்று.

பிறப்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘டெஸ்க்’ என்பது தட்டைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து எழுதும் மேசைக்கு வந்தது. ‘என்விரோன்’ என்பது சுற்றிலும் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். அலுவலகத்து மேசையின் மேற்பரப்பைக் கணினித் திரையில் காட்டி, அதில் ஆவணங்களையும் கோப்புறைகளையும், கடிதம் வரும் தட்டையும் போகும் தட்டையும் கூடப் படமாக வைத்து விற்பனைக்கு வந்த பொறி 1981 இன் செரொக்ஸ் ஸ்டார். 1993 இல் ஐபிஎம், எச்பி, சன் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து யுனிக்ஸ் பொறிகளுக்குப் பொதுவாக அறிவித்த கூட்டுக்குச் சிடிஈ என்று பெயரிட்டார்கள். அதன் விரிவே ‘கொமன் டெஸ்க்டொப் என்விரோன்மென்ட்’ என்பதாகும். 1996 இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய கேடிஈ அந்தப் பெயரின் முதல் எழுத்தை மாற்றிக் கேலியாக இட்டதே. அதே ஆண்டில் ஒலிவியர் போர்டன் தொடங்கிய எக்ஸ்எப்சிஈயும் கடைசி இரண்டு எழுத்துகளை அங்கிருந்தே கொண்டது.

இந்த வரலாற்றில் ‘மேசைக் கணினி’ எங்கே வருகிறது? எங்கும் வருவதில்லை. ‘டெஸ்க்டொப்’ என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் மேசைமீது வைக்கும் கணினியையும் குறிக்கிறது, திரையில் காணும் மேசைப் பரப்பையும் குறிக்கிறது. கலைச்சொற் பட்டியலில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியவர், தாம் மொழிபெயர்க்கும் வசனம் ஒரு மடிக்கணினியைப் பற்றியது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மடியில் இருக்கும் கணினிக்குள் மேசைக் கணினி ஒன்று இருப்பதாகவும், அதற்கொரு சூழல் இருப்பதாகவும் அந்தத் தமிழ் சொல்கிறது. அந்த மாணவனின் கேள்வி அசட்டுக் கேள்வியன்று; கையேட்டிலிருந்த தமிழை அவன் சரியாகவே வாசித்தான்.

இதை ஒப்புக்கொள்பவர்களும் அடுத்தபடியாக ‘மேசைத்தளம்’ என்றோ ‘மேல்மேசை’ என்றோ சொல்ல வருகிறார்கள். ‘மேல்மேசை’ என்றால் மேலே இருக்கும் மேசை, அதாவது மாடியில் உள்ள மேசை என்றுதான் தமிழ்க் காது கேட்கும். மேசையின் மேற்புறம் என்று கேளாது. ‘மேசைத்தளம்’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் ‘தளம்’ என்ற சொல்லை நாம் படுத்தும் பாட்டுக்கு ஓர் எல்லை வேண்டும். இணையத்தளம், தரவுத்தளம், விமானத்தளம், கடற்படைத்தளம், கட்டடத்தின் மூன்றாந்தளம், போதாதென்று தமிழ்நாட்டு நூல்களில் இயங்குதளம். எங்கள் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று சொல்வதைத் தமிழ்நாட்டார் ‘இயங்குதளம்’ என்கிறார்கள். அந்த இயங்குதளத்தின்மேல் ஒரு மேசைத்தளத்தை நிறுவி, அதிலிருந்து ஓர் இணையத்தளத்துக்குச் செல்க என்று எழுதினால், படிப்பவர் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்பது அவருக்கே தெரியாமற் போகும்.

தனித்தமிழ் வேண்டும் என்பதற்காக ‘மேசை’யைக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மேசை தமிழ்ச் சொல்லன்று. 1505 இல் இந்தக் கரையில் இறங்கிய போர்த்துக்கேயரின் ‘மேசா’. கதிரை, அலுமாரி, யன்னல், பாண் என்று எங்கள் வீட்டில் பாதி அவர்கள் தந்த பெயர்களோடுதான் இருக்கிறது. அதில் எனக்கு வெட்கமில்லை. மேசையை மேசை என்றே சொல்வேன். ஆனால் ‘டெஸ்க்டொப்’ அயற்சொல் என்று விரட்டிவிட்டு, அந்த இடத்தில் இன்னோர் அயற்சொல்லை உட்காரவைத்துத் தூய்மை காத்ததாக மார்தட்டுவது நகைப்புக்குரியது.

நான் பாவிப்பது ‘பணிமேடை’. இது என் ஆக்கமன்று. கணினித் தமிழில் ஏற்கெனவே சிலர் வழங்கிவந்ததுதான். மேடை என்றால் கூட்டமும் ஒலிவாங்கியும் நினைவுக்கு வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் தடை. அடுப்பு மேடையிலும் சமையல் மேடையிலும் யார் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள்? வேலைக்கு வேண்டிய பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ள உயர்த்தி அமைத்த இடம் மேடை. திரையில் இருப்பதும் அதுவே. மரமோ உலோகமோ கணினி வகையோ எதுவும் அச்சொல்லில் இல்லாதபடியால், மடிக்கணினிக்கும் அது பொருந்தும், மேசைக் கணினிக்கும் பொருந்தும்.

‘சூழல்’ குறித்து எனக்குச் சண்டை குறைவு. ஆனால் கொழும்பில் இதற்கும் ஒரு தனிச் சோதனை உண்டு. ‘என்விரோன்மென்ட்’ என்றதும் இங்குள்ள மொழிபெயர்ப்பாளரின் கை தானாகச் ‘சுற்றாடல்’ என்று எழுதிவிடும்; மத்திய சுற்றாடல் அதிகார சபை என்ற பெயர் அத்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறது. ‘மேசைச் சுற்றாடல்’ என்று ஒருமுறை ஓர் அச்சுப்படியில் கண்டேன். மேசையைச் சுற்றிக் கிடக்கும் குப்பையை அகற்றும் திட்டமாக்கும் என்று நினைத்தேன். சுற்றாடல் என்பது இடமும் காற்றும் நீரும் சார்ந்தது. சூழல் என்பது எது எதனால் சூழப்பட்டிருக்கிறதோ அந்த நிலை. சாளர மேலாளர் மட்டும் ஓடும் திரையையும் முழுக் கூட்டையும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் ‘பணிமேடைச் சூழல்’ என்றும், மற்ற இடங்களில் ‘பணிமேடை’ என்றும் எழுதினால் குழப்பம் இல்லை.

உண்மையான கேடு ‘இலகு’வில் இருக்கிறது.

‘இலகு’ வடமொழி ‘லகு’விலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பாரமின்மை, சிறுமை, எளிமை என்று பல பொருள்கள். இலங்கைத் தமிழில் அவற்றுள் எளிமையே பெரும்பாலும் நிலைத்தது. சோதனை இலகுவாக இருந்தது என்கிறோம். இலகு தவணையில் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறோம். மாலபேயிலிருந்து கோட்டை வரை திட்டமிடப்பட்டு 2020 இல் கைவிடப்பட்ட ‘இலகு ரயில்’ போன்ற சில தொடர்களில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருப்பது மெய்தான். ஆனால் ‘இலகுவான’ என்று நீட்டிய உடனேயே அது ‘சுலபமான’ என்பதாகிவிடுகிறது. லினக்ஸில் சுமை குறைந்தது வேறு, சுலபமானது வேறு. பல வேளைகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஓப்பன்பொக்ஸ் என்னும் சாளர மேலாளரைத் தனியே நிறுவினால் வெறும் திரைதான் வரும். வலப்பக்கச் சொடுக்கு ஒன்றைப் பட்டியலுக்காக அழுத்தத் தெரியாதவர் பொறி பழுதென்றே எண்ணுவார். ஐ3 என்பதில் சாளரங்களை விசைப்பலகைச் சுருக்கங்களால் ஆள வேண்டும். இவை நினைவகத்தில் மிகக் குறைந்த இடம் பிடிப்பவை. புதியவருக்கு மிகக் கடினமானவை. ‘மிகவும் இலகுவானது’ என்று ஒரு கையேடு இவற்றைப் பரிந்துரைத்தால், அது பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

‘எடை குறைந்த’ என்போரும் உளர். ‘லைட்வெயிட்’ என்பதில் எடை இருப்பதால் தமிழிலும் எடை இருக்கவேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். குத்துச்சண்டை வீரனுக்கு எடை உண்டு. மடிக்கணினிக்கும் எடை உண்டு. அதனாலேயே ‘எடை குறைந்த மடிக்கணினி’ என்பதும் ‘மடிக்கணினிக்கான எடை குறைந்த’ ஏதோவொன்று என்பதும் வாசகர் மனத்தில் கலந்துவிடுகின்றன. நிரலுக்கு எடை ஏது? வன்தட்டில் அது பிடிக்கும் இடத்தை எடை என்று கொள்வோமா என்றால், அதுவும் இங்கே பொருளன்று. வன்தட்டில் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடித்தால் யாருக்கும் நோகாது. ஓடும்போது நினைவகத்திலும் செயலியிலும் எவ்வளவு பிடிக்கிறது என்பதே கேள்வி.

என் நண்பர் ஒருவர், தனித்தமிழில் என்னைவிடத் தீவிரமானவர், ‘நொய்’ என்ற பழஞ்சொல்லை மீட்டு ‘நொய்ப்பணிமேடை’ என்று ஆக்கித் தந்தார். நொய்ம்மைக்குப் பாரமின்மை என்ற பொருள் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெலிவு, வலுவின்மை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. இன்றைக்கு அச்சொல்லைக் கேட்பவருக்கு ஒன்றில் உடைந்த அரிசி நினைவுக்கு வரும், அல்லது நோயாளி நினைவுக்கு வருவார். சொல்லின் பழமை ஒன்றே அதை வாழவைத்துவிடாது. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கட்டளைப் பட்டியலைப் படிக்கவேண்டும் என்றால், மாணவன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். இதை நண்பரிடம் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் சொல்வது ‘சுமை குறைந்த’ என்பது. எடை என்பது பொருளுக்கு உரியது. சுமை என்பது அதைத் தாங்குபவருக்கு உரியது. பத்து கிலோ அரிசிப் பை தன்னளவில் பத்து கிலோதான். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு அது ஒரு சுமையே அன்று, எனக்கோ மாடிப்படியில் மூச்சு வாங்கும். பணிமேடைச் சூழலின் நிலைமையும் அவ்வாறே. 16 ஜிபி நினைவகம் உள்ள புதிய பொறிக்கு நோம் சுமையாவதில்லை; 4 ஜிபி பொறியில் அதே நோமின்மேல் உலாவியையும் திறந்தால், நினைவகம் நிரம்பி, மீதி வன்தட்டில் உள்ள ‘ஸ்வொப்’ பகுதிக்கு மாற்றப்பட்டு, வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்க, சுட்டி திரையில் இழுபட்டுப் போகும். நினைவகத்தைவிட வன்தட்டு மிகவும் மெதுவானது என்பதே அந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணம். ‘சுமை’ என்ற சொல் இந்தக் காரணத்தையே தன்னுள் வைத்திருக்கிறது.

2006 இல் தாய்வானைச் சேர்ந்த ஹொங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஈ தன் பெயரிலேயே ‘லைட்வெயிட்’டைச் சுமந்து வந்தது. அதன் வழியில் வந்த எல்எக்ஸ்கியூடியைத்தான் லுபுண்டு 2018 முதல் பாவிக்கிறது. இவற்றை ‘சுமை குறைந்த பணிமேடைச் சூழல்’ என்றால், எதற்காக உருவானவை என்பது சொல்லிலேயே விளங்கும்.

இப்பிழைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது சோம்பல் என்றே நினைக்கிறேன். தாம் பெயர்க்கும் மென்பொருளை ஒருநாளாவது ஓட்டிப் பார்த்த மொழிபெயர்ப்பாளர், திரையில் மேசைக் கணினி எங்கே என்று ஒருமுறையாவது தேடியிருப்பார். சொற்பட்டியலை இடப்பக்கமும் மூலத்தை வலப்பக்கமும் வைத்து இரண்டையும் தைத்துவிட்டால் மொழிபெயர்ப்பாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அரைப்பக்க வசனத்துக்கு இத்தனை கோபமா என்று கேட்பார்கள். அந்த அரைப்பக்கத்தை நம்பித்தான் ஒருவன் தன்னிடம் இருக்கும் ஒரே கணினியை அழித்து மீள நிறுவப் போகிறான்.

மாணவனுக்கு எக்ஸ்எப்சிஈயைத் தெரிவுசெய்தோம். கீழே பட்டை, மூலையில் பட்டியல் என்று விண்டோஸில் பழகிய கைக்கு ஏற்றவாறு அதை அமைத்துக்கொள்ளலாம். எல்எக்ஸ்கியூடியும் அவனுக்குப் போதுமாயிருந்திருக்கும். உலாவியில் இருபது பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் எந்தப் பணிமேடையும் காப்பாற்றாது என்பதையும், கையில் காசு சேர்ந்தால் முதலில் வன்தட்டைக் கழற்றி சுழலும் தட்டில்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். அன்றிரவே கையேட்டை வெளியிட்டவர்களுக்கு, மேலே எழுதியவற்றையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடக்கி ஒரு கடிதமும் எழுதினேன். புதிய அச்சு சென்ற கிழமை கைக்கு வந்தது. ‘கணனி’ என்பது பிழையென்று உணர்ந்து எல்லா இடத்திலும் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே இப்போது அது ‘இலகுவான மேசைக் கணினிச் சூழல்’.