ஏற்காட்டு மணியின் வலிப்பும் ஒரு பை தட்டுவடையும்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணவருக்கு வேலை. வீட்டில் நான்கு வயது லாப்ரடார், பெயர் மணி. இரண்டரை வயதில் அதற்கு முதல் வலிப்பு வந்தது. சேலத்தில் கால்நடை மருத்துவர் பீனோபார்பிட்டால் மாத்திரை கொடுத்தார். அது போதாமல் பொட்டாசியம் புரோமைடு கரைசலையும் சேர்த்தார். அதன்பின் 9 மாதம் வலிப்பே இல்லை. "ஆடி அமாவாசையன்று விடியற்காலை திரும்ப வந்துவிட்டது. பத்து நாளில் இன்னொன்று. மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. எல்லாம் அமாவாசையால்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியும் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

கேள்வியைவிட, உடன் அனுப்பியிருந்த படங்கள்தாம் என்னைப் பிடித்து உட்காரவைத்தன. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் 18 தாள்கள். பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவே, வலிப்பு வந்த நாளிலெல்லாம் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், 'காலை 4.10, 2 நிமிடம்', 'இரவு 11.30, ஒன்றரை நிமிடம், அப்புறம் அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தது' என்று குறிப்பு. வலிப்புள்ள நாய்க்கு மருந்துக்கு அடுத்தபடியான உதவி இந்தக் குறிப்புதான். நம் காலண்டர்களில் அமாவாசையும் பௌர்ணமியும் அச்சிட்டே வருவதால், அவர் கேள்விக்கு விடையும் அந்தத் தாள்களிலேயே இருந்தது. மொத்தம் 11 சிவப்பு வட்டங்கள். அமாவாசையில் விழுந்தது ஒன்று, பௌர்ணமியில் ஒன்றுகூட இல்லை. தசமியன்று வந்ததை யாரும் தசமி வலிப்பு என்று சொல்லவில்லை, அதனால் அது மறந்துபோனது. அமாவாசையன்று வந்தது மட்டும் வீட்டார் மனத்தில் தங்கிவிட்டது. இந்த நம்பிக்கையோடு எனக்குள்ள சண்டை, அது பொய் என்பதற்காக மட்டும் அல்ல. பழியை நிலவின்மேல் போட்டதும் உண்மைக் காரணத்தைத் தேடுவதை நாம் நிறுத்திவிடுகிறோம். மணிக்கு உண்மைக் காரணம் ஒன்று இருந்தது.

வலிப்பு என்பது என்ன? மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வழக்கமாக அவை தனித்தனியே, முறைவைத்துப் பேசும். பெருங்கூட்டம் ஒன்று சேர்ந்து ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. நாய் பக்கவாட்டில் சாய்கிறது, உடல் விறைக்கிறது, நான்கு கால்களும் நீந்துவதுபோல் அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை தள்ளும், சிறுநீர் பிரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதன்பின் சிறிது நேரம் கண் தெரியாமல், வீட்டாரை அடையாளம் தெரியாமல், அகோரப் பசியோடு சுற்றிவரும். ஓய்விலும் தூக்கத்திலும் அதிகம் வருவதால், பார்க்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் பின்னிரவு வேளையாக அமைகிறது.

அப்போது செய்ய வேண்டியவை குறைவு. படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மேசை முனை இவற்றிலிருந்து நாயை நகர்த்துங்கள். விளக்கை அணையுங்கள், மின்விசிறியைப் போடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தால் மருத்துவருக்குப் பேருதவி. வாய்க்குள் கையோ கரண்டியோ விடக் கூடாது. நாய் தன் நாக்கை விழுங்காது, ஆனால் உங்கள் விரலைக் கடித்துவிடும். காலுக்கடியில் சாவிக்கொத்து வைப்பது, செருப்பை முகரவைப்பது, வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டுவது எல்லாம் நம் ஊரில் மனிதர்களுக்குச் செய்து பழகியவை. வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கப்போகிறது. அந்த நேரத்தில் கையில் இருந்த பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. வெங்காயத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நாய் அதைத் தின்றுவிட்டால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

5 நிமிடத்தைத் தாண்டியும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது அவசர நிலை. ஓயாமல் இழுக்கும் தசைகள் உடலைக் கொதிக்கவைக்கும், மூளைக்கே சேதம் வரும். 24 மணி நேரத்தில் இரண்டோ அதற்கு மேலோ வந்தாலும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. அடிவாரத்துக்கே 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அதன்பின்தான் சேலம் நகரின் கோரிமேடு, அஸ்தம்பட்டி. 5 நிமிடத்தில் வாகனத்தைக்கூடக் கிளப்பியிருக்க மாட்டோம். ஆகவே மலைமேல் நாய் வளர்ப்பவர்கள், மலவாயில் செலுத்தும் டயசெபமோ மூக்கில் தெளிக்கும் மிடாசோலமோ வீட்டில் இருக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அளவையும் முறையையும் கற்றுவைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா வலிப்பும் ஒரே நோய் அல்ல. காபித் தண்டுத் துளைப்பானுக்குப் பூசும் பூச்சிமருந்தை நக்கிய நாய்க்கும், குட்டிக்குப் பால் கொடுத்துச் சுண்ணாம்புச் சத்து குறைந்த தாய்க்கும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தாக்கிய, தடுப்பூசி போடாத குட்டிக்கும் வலிப்பு வரும். உண்ணி மாத்திரைகளில் ஒரு வகை சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரென்று வலிப்பு வந்தால் அதன் எச்சிலைத் தொடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல், 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் தொடங்கி, இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் பிறவிக்கூறால் வரும் வலிப்பு நோய். மணிக்கு இருப்பது அது.

இனி, நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

நரம்பணுவை அமைதிப்படுத்த மூளையிடம் 'காபா' என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. அது நரம்பணுவின் சுவரில் ஒரு சிறு கதவைத் திறக்கும். அந்தக் கதவு வழியே குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். குளோரைடு எதிர்மின்சுமை உடையது. அது உள்ளே சேரச் சேர, நரம்பணு துடிப்பதற்கான எல்லையிலிருந்து விலகிப் போகிறது, அக்கம்பக்கம் எவ்வளவு சத்தம் போட்டாலும் சும்மா இருக்கிறது. பீனோபார்பிட்டால் அந்தக் கதவு திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. டயசெபம் கதவை அடிக்கடி திறக்கவைக்கிறது. புரோமைடு வேலை செய்யும் விதமே வேறு. அது கதவு வழியே உள்ளே போகும் ஆளையே மாற்றுகிறது.

தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்கு நேர் கீழே புரோமின். ஒரே குடும்பம், ஒரே மின்சுமை. புரோமைடு அயனி குளோரைடைவிடப் பெரியது, ஆனாலும் அந்தக் கதவில் எளிதாக நுழைகிறது. காரணம் தண்ணீர். உடலுக்குள் எந்த அயனியும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரிகிறது. சிறிய அயனியில் மின்சுமை நெருக்கமாக இருப்பதால் அது தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரிய அயனியின் பிடி தளர்வு. குறுகிய வாசலில் போர்வையைக் கழற்றித்தான் நுழைய முடியும். புரோமைடு சட்டென்று கழற்றிவிடுகிறது, குளோரைடு தயங்குகிறது. அதனால் அதே கதவு, அதே நேரம் திறந்தாலும், எதிர்மின்சுமை கூடுதலாக உள்ளே போகிறது. ஒரு மருந்து கதவைத் திறந்து பிடிக்க, இன்னொன்று வேகமாக நுழைகிறது. மணிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததன் பொருத்தம் இதுதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

புரோமினை 1826-இல் பிரான்சில் வேதியியலாளர் பலார் கண்டெடுத்தது உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து. நம் உப்பளங்களிலும் அந்த நீர் மிஞ்சுகிறது. 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் வலிப்புக்குப் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். வலிப்பு பாலுணர்வோடு தொடர்புள்ளது, புரோமைடு அதை அடக்கும் என்பது அவர் கணக்கு. எண்ணம் தவறு, ஆனால் மருந்து வேலை செய்தது. மனிதர்களுக்குப் பின்னர் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அவற்றில் பினைட்டாயின் போன்ற சிலவற்றை நாயின் உடல் மிக விரைவாக வெளியேற்றிவிடுவதால் அவை நாய்க்குப் பயன்படுவதில்லை. வீட்டில் பெரியவருக்கு வாங்கிவைத்த வலிப்பு மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான். பூனைக்குப் புரோமைடும் கூடாது, அதன் நுரையீரலைப் பாதிக்கும்.

குடும்ப ஒற்றுமையால் நன்மை மட்டும் வருவதில்லை. சிறுநீரகத்தின் கண்ணுக்கும் குளோரைடும் புரோமைடும் ஒரே குடும்பம்தான். உடல் இவற்றின் மொத்த அளவை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்கப் பார்க்கிறது. சோற்றில் உப்பு கூடினால், சோடியம் குளோரைடிலிருந்து குளோரைடு வந்து குவிகிறது. சிறுநீரகம் உபரியைத் தள்ளிவிடும்போது புரோமைடும் சேர்ந்து வெளியேறுகிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், குளோரைடு 0.2 சதவீதம் உள்ள உணவு தின்ற நாய்களின் உடலில் புரோமைடு பாதியாகக் குறைய சராசரியாக 69 நாள் ஆனது. 1.3 சதவீத உணவு தின்றவற்றில் 24 நாளே போதுமாக இருந்தது. மருந்தின் அளவு ஒரு சொட்டும் மாறாமல், உணவால் மட்டும் வந்த வித்தியாசம் இது.

வாசகியைத் தொலைபேசியில் அழைத்து, மணியின் சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை, எப்போதும்போல் உப்பில்லாத சோறும் கோழியும்தான் என்றார். வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களா என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அப்பா இருக்கிறார் சார்" என்றார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தனியாக இருந்த அப்பா, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கு வந்து, மகள் வற்புறுத்தியதால் இங்கேயே தங்கிவிட்டார். மணிக்கு அவர்மேல் உயிர். மாலையில் டீ குடிக்கும்போது, சேலத்திலிருந்து வாங்கிவந்த தட்டுவடைப் பையைப் பிரித்து, தனக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. இரவில் கருவாட்டுக் குழம்புச் சோற்றில் ஒரு கை. மே மாதத்திலிருந்து ஆடி அமாவாசைவரை எண்ணினால் இரண்டரை மாதத்துக்குமேல். புரோமைடு மெல்ல மெல்லத் தேய்ந்து புதிய மட்டத்துக்கு இறங்க அதுவே போதும். விளைவு வாரக்கணக்கில் தாமதித்து வருவதால்தான் தட்டுவடையை யாரும் சந்தேகிக்கவில்லை.

உப்பை உடனே அடியோடு நிறுத்திவிடலாமா என்றார். மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம் என்றேன். திடீரென்று உப்பு நின்றால் புரோமைடு மேலே ஏறும், பின்னங்கால் தள்ளாடும், நாய் மந்தமாகத் தூங்கி வழியும். மருந்தின் அளவும் உணவின் உப்பும் சேர்ந்தேதான் மாற வேண்டும். மாறியபின் புது மட்டம் நிலைக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பீனோபார்பிட்டாலை இதற்கிடையில் தொடவே கூடாது, சட்டென்று நிறுத்தினால் அதுவே பெரிய வலிப்பைக் கொண்டுவரும்.

புரோமைடு மிக மலிவானது, யாருக்கும் காப்புரிமை கிடையாது. மருந்து நிறுவனங்கள் இதில் பணம் போட்டு ஆராய்வது அரிது. ஆகவே இது அரசு செய்ய வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நாயின் இரத்தத்தில் புரோமைடு அளவை மலிவாகப் பார்க்கும் வசதி அங்கே வர வேண்டும். கருவாடும் பழஞ்சோறும் தின்னும் நம் ஊர் நாய்களில் இந்த மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களின் வலிப்பையும் அப்படியே பதிவு செய்ய வேண்டும். ஒரு சமையலறைக் காலண்டரில் ஒரு பெண் தனியாக இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

சென்ற வாரம் அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. மருத்துவர் உணவைச் சீர்செய்து இரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். அறிக்கையில் குளோரைடு இயல்பைவிட மிக அதிகம் என்று தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், தான் கொடுத்த உப்பெல்லாம் மணியின் உடம்பிலேயே தங்கிவிட்டது என்று. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: அது உப்பு அல்ல, ஐயா. பரிசோதனை இயந்திரத்தாலும் குளோரைடையும் புரோமைடையும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை, இரண்டையும் சேர்த்துக் குளோரைடு என்று எழுதிவிடுகிறது. மணியின் இரத்தத்தில் மருந்து இருக்கிறது என்றுதான் அந்தத் தாள் சொல்கிறது. மாலையில் டீயோடு அதற்கு ஒரு துண்டு கேரட் கொடுங்கள்.