மொரட்டோரியம்: இடைக்காலத் தடையா, நிறுத்திவைப்பா?

‘அக்கம்பக்கத்தின் குணத்தைப் பாதுகாக்கக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை’ என்று ஒரு வரியைப் படித்துக் காட்டினால், கும்பகோணத்தில் யாரும் முதலில் கேட்பது ‘எந்தக் கோர்ட்டில் வாங்கினார்கள்?’ என்றுதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. மொரட்டோரியம், அதாவது ஒன்றைக் கெடு வைத்துத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு, என்ற சொல்லுக்கு ஈடாக அதை எழுதியவர்தான் பொறுப்பு. பழைய தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வெளிநாட்டு நகரங்கள் கொண்டுவரும் தற்காலிகக் கட்டுப்பாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சொல்லும்போது தவறாமல் இந்த இரண்டு சொற்களைத்தான் போடுகிறார்கள். மேடையில் கேட்டாயிற்று, கட்டுரையில் படித்தாயிற்று, துண்டறிக்கையிலும் பார்த்தாயிற்று. இனியும் பேசாமலிருப்பது சரியல்ல.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். தாமதிக்க உரிமை தருவது என்பது மொரட்டோரியத்தின் நேர்ப்பொருள். 19-ஆம் நூற்றாண்டில் அது கடன் தொடர்பான சட்டச் சொல்லாக ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது: கடன் அப்படியே இருக்கும், ஆனால் இன்ன தேதிவரை அதைக் கேட்டு வர முடியாது. 1914-இல் போர் மூண்டபோது பிரிட்டன் அறிவித்ததும், 1931-இல் அமெரிக்க அதிபர் ஹூவர் போர்க்கடன்களுக்கு ஓராண்டு அவகாசம் முன்வைத்ததும் இதுதான். நம் வீடுகளுக்குள் இந்தச் சொல் நுழைந்தது 2020 மார்ச்சில். அப்போது ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாதம் அவகாசம் அளிக்க அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கடனிலிருந்து கிளம்பிய சொல் மரண தண்டனை, அணு ஆயுதச் சோதனை, திமிங்கில வேட்டை என்று பரவி, நகரமைப்புக்கும் வந்து சேர்ந்தது.

நகரமைப்பில் அதன் வேலை மிகவும் குறிப்பானது. ஒரு பழைய குடியிருப்புப் பகுதிக்கு நிலையான பாதுகாப்பு விதிகளை எழுத வேண்டும் என்று நகர மன்றம் முடிவெடுக்கிறது. விதிகளை எழுத அளவெடுக்க வேண்டும், வீடுகளைப் பட்டியலிட வேண்டும், தெருவாசிகளின் கருத்தைக் கேட்க வேண்டும். ஓராண்டு, ஈராண்டு பிடிக்கும். விதி வரப்போகிறது என்று தெரிந்த அன்றே, இடிக்க நினைத்தவர்களெல்லாம் முந்திக்கொண்டு அனுமதி கேட்டு வரிசையில் நிற்பார்கள். விதி கையெழுத்தாகும் நாளில் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு. கலிபோர்னியா மாநிலச் சட்டம் இதற்குக் கணக்காகவே கெடு வைத்திருக்கிறது: முதலில் 45 நாள், பிறகு 10 மாதம் 15 நாள், அதன்பின் இன்னும் ஓராண்டு, மொத்தம் இரண்டாண்டுக்கு மேல் கூடாது. மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கும் வேண்டும். 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பல பழைய குடியிருப்புப் பகுதிகளுக்கு இத்தகைய தற்காலிகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அளவான வீடுகளை இடித்துவிட்டு மனையின் விளிம்புவரை மாளிகை எழுப்புவது அங்கே அப்போது பெருகியிருந்தது.

இனி ‘இடைக்காலத் தடை’க்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு, அவர் நீதிமன்றம். வழக்கு முடியும்வரை ஓர் ஆணையையோ செயலையோ தொடரவிடாமல் நீதிபதி பிறப்பிப்பது இடைக்காலத் தடை. அதில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, அடுத்த வாய்தா உண்டு. நகராட்சி தானே யோசித்து, தானே தீர்மானம் போட்டு, தன் அனுமதிகளைத் தானே சிறிது காலம் கொடுக்காமல் வைத்திருப்பதில் இவை எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நகராட்சி தீர்மானம் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிவாரணம் பெறும் நாளில் செய்தியாளர் என்ன எழுதுவார்? ‘இடைக்காலத் தடைக்கு இடைக்காலத் தடை’ என்றா?

இதைவிடப் பெரிய கேடு ‘தடை’ என்ற பகுதியில் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குத் தடை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தாராசுரத்திலும் தஞ்சைப் பெரிய கோவிலைச் சுற்றியும் 100 மீட்டர் தூரம் ‘தடை செய்யப்பட்ட பகுதி’, அதற்கு அப்பால் 200 மீட்டர் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி’. தொன்மைச் சின்னங்களைக் காக்கும் நடுவண் சட்டத்தில், 2010 திருத்தத்தின்படி அமைந்த எல்லைகள் இவை. அங்கே தடை என்பது நிலையானது. பாட்டன் காலத்தில் இருந்தால் பேரன் காலத்திலும் இருக்கும். 2020-இல் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை விலக்கியதும் கெடு வைக்காத தடைதான். வேண்டுமென்று கேட்டுப் பெற்ற தடை அது. ஆக, இந்த மண்ணில் ‘தடை’ என்று சொன்னால் ‘இனி எப்போதும் கூடாது’ என்றே காதில் விழும். முன்னால் ‘இடைக்கால’ என்ற ஒட்டைப் போட்டாலும் கேட்பவர் மனம் தடையில்தான் நிற்கிறது. பழைய வீட்டை வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற குடும்பம், அந்தச் சொல்லைக் கேட்ட மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடும். தடுக்க வேண்டியதை அந்தச் சொல்லே முடுக்கிவிடுகிறது.

காலத்துக்கு உட்பட்டதா, நிலையானதா என்பது வெறும் சொல்நயமும் அல்ல. அமெரிக்காவின் தாஹோ ஏரிக்கரையில் 1980-களின் தொடக்கத்தில் 32 மாதம் கட்டுமானம் நிறுத்திவைக்கப்பட்டது. நிலத்தைப் பறித்ததற்குச் சமம், இழப்பீடு வேண்டும் என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காலிகமாக நிறுத்திவைத்தது என்பதாலேயே அது பறிமுதலாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு முழுவதும் சுழன்றது இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார்.

‘ஒத்திவைப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. கூட்டத்தையும் வழக்கையும் ஒத்திவைக்கலாம். கடன் தவணைக்கும் அது ஓரளவு பொருந்தியது. ஆனால் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் வீட்டோடு சேர்த்து ‘ஒத்தி’ என்று சொல்லிப் பாருங்கள். ஒற்றி, பேச்சில் ஒத்தி. பணம் வாங்கிக்கொண்டு வீட்டையோ நிலத்தையோ அனுபவிக்க விடுவது. ‘கட்டட ஒத்திவைப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், நகராட்சி கட்டடத்தை யாருக்கோ ஒத்திக்கு விட்டுவிட்டது என்றே படிப்பார்கள்.

‘முடக்கம்’ வேண்டாம். கொரோனா காலம் அந்தச் சொல்லின் மேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மதிக்க வேண்டிய போட்டியாளர் ஒன்றுதான்: தடைக்காலம். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் இது அன்றாடச் சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விடுகிறார்கள். காரணம் வெளிப்படை, முடியும் நாள் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் வலையையும் படகையும் பழுதுபார்த்து முடிக்கிறார்கள். மொரட்டோரியத்தின் உயிர் இதில் இருக்கிறது. ‘கட்டுமானத் தடைக்காலம்’ என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனாலும் மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் திரும்பி வருவது. அது முடிந்தால் பழையபடியே மீன்பிடிக்கலாம். கட்டட விஷயம் ஒருமுறை வருவது; முடியும்போது புதிய விதி ஒன்று பிறந்திருக்க வேண்டும். எனவே அந்தச் சொல்லிலிருந்து ‘காலம்’ என்பதை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

நான் பரிந்துரைப்பது ‘கட்டட அனுமதி நிறுத்திவைப்பு’. சுருக்கமாக நிறுத்திவைப்பு, அது நடப்பில் இருக்கும் காலம் நிறுத்திவைப்புக் காலம். இது புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. சம்பளத்தை நிறுத்திவைக்கிறார்கள், தேர்வு முடிவை நிறுத்திவைக்கிறார்கள், மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கிறார்கள். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றே: இருக்கிறது, ரத்தாகவில்லை, ஒரு காரணத்துக்காகக் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ‘நிறுத்தம்’ போதாதா என்று கேட்பவர்கள் ‘வை’ என்ற துணைவினையின் வேலையைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகும் ஒன்றை எண்ணி இப்போதே செய்வதைத் தமிழ் ‘வை’ போட்டுத்தான் சொல்லும். விதைநெல்லை எடுத்துவைக்கிறோம், உறவினர் வருவார் என்று சோறு எடுத்துவைக்கிறோம். நிறுத்தினான் என்றால் முடிந்துவிட்டது. நிறுத்திவைத்தான் என்றால் அடுத்து ஏதோ இருக்கிறது. மொரட்டோரியம் என்ற ஏழு எழுத்துக்குள் லத்தீன் ஒளித்துவைத்த பொருளைத் தமிழ் ஒற்றை எழுத்துத் துணைவினையில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு வசதி வீட்டிலேயே இருக்க, நீதிமன்றத்திலிருந்து சொல் இரவல் வாங்குவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

‘அனுமதி’யை ஏன் சேர்க்கிறேன் என்றால், நிற்பது கட்டும் வேலை முழுவதும் அல்ல. ஓடு மாற்றலாம், ஒழுகும் தளத்துக்குச் சுண்ணாம்பு பூசலாம், உளுத்த தூணை மாற்றலாம். பொதுவாக நிற்பது இடிப்புக்கும் பெரிய புதுக் கட்டடத்துக்கும் தரும் அனுமதிதான். ‘கட்டுமானத்துக்குத் தடை’ என்று எழுதுபவர் இதையும் மறைத்து, ஒழுகும் வீட்டுக்காரரை வீணாகப் பயமுறுத்துகிறார்.

முதலில் படித்துக் காட்டிய வரியின் மறுபாதி இன்னும் மோசம். ‘அக்கம்பக்கத்தின் குணத்தைப் பாதுகாக்க’ என்கிறார்கள். அக்கம்பக்கம் என்பது நம்மைச் சுற்றியிருப்பது. தனியே எல்லையும் பெயரும் கொண்ட இடமல்ல. குணம் மனிதருக்கும் மருந்துக்கும் உண்டு, தெருவுக்கு ஏது? இடத்துக்குப் பெயர் இல்லாமலா இருக்கிறோம்? சன்னதித் தெரு, மடவிளாகம், அக்ரகாரம், தேரோடும் வீதி. தரங்கம்பாடிக்குப் போனால் டேனிஷ்காரர் விட்டுப்போன ராஜ வீதி. காக்க வேண்டியதைத் ‘தெருவமைப்பு’ என்றால் குழந்தைக்கும் புரியும். கும்பகோணத்தின் பழைய சன்னதித் தெருக்களில் அது கண்முன்னால் இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது: தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே நீண்டு போகும் கூடம். இப்படி வீட்டோடு வீடு ஒட்டி, திண்ணைகள் ஒரே மட்டத்தில், ஓட்டுச் சரிவுகள் ஒரே வாட்டத்தில் தொடர்ந்தால்தான் அது தெருவமைப்பு. இரு வீட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரே பொதுச்சுவர். ஒருவர் இடித்தால், காலங்காலமாக மழையையே பார்க்காத பக்கத்து வீட்டுச் சுவர் அந்த ஐப்பசியில் வெளியே நிற்கும். செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து கரையத் தொடங்கும். அடுத்த வருடம் அவரும் இடிப்பார். ஒரு வீட்டின் விஷயம் தெருவின் விஷயமாவது இப்படித்தான். இதைச் சொல்ல ‘குணம்’ எதற்கு?

ஆகவே நகராட்சிகளுக்கு வரைவு எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சன்னதித் தெருக்களின் தெருவமைப்பைக் காக்கும் விதிகள் வகுக்கப்படும்வரை, அல்லது ஓராண்டுவரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை, இடிப்புக்கும் புதுக் கட்டடத்துக்குமான அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது, பழுதுபார்ப்புக்கு இது பொருந்தாது’ என்று எழுதுங்கள். கெடுவை நீட்டினால் ‘நிறுத்திவைப்பு நீட்டிப்பு’. கெடு முடிந்தால் ‘நிறுத்திவைப்பு முடிந்தது’ என்றே அறிவியுங்கள். ‘தடை நீக்கம்’ என்று தலைப்பிட்டால், விதிகளும் சேர்ந்து போய்விட்டன என்று நினைத்து மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்து நிற்பார்கள்.