கார்டைக் கழற்றாதீர்கள், டேபிளைச் சரிசெய்யுங்கள்

வியாசர்பாடியில் ஒரு மரப்பட்டறையில் போன மாதம் மறுபடியும் ஒரு விரல் போனது. சின்னப் பையன், தொழில் கற்றுக்கொள்ள வந்தவன். இழைப்பு மெஷினைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பிளேடை மூடி விரலைக் காக்கும் தடுப்பான கார்டு, மூலையில் மரத்தூளுக்கு அடியில் கிடந்தது. "அது மரத்தைத் தடுக்குதுங்க, அதான் கழட்டிட்டோம்" என்றார் மேஸ்திரி. மூலக்கடையிலும் மாதவரத்திலும் இதே பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

ஸ்பிரிங் சரியாக இருக்கிற கார்டு மரத்தைத் தடுக்காது. மரம் தள்ளினால் ஒதுங்கும், மரம் தாண்டியதும் தானாக வந்து, மரத்தைப் பக்கவாட்டில் அணைத்துத் தள்ள நிற்கும் பலகையான ஃபென்ஸை ஒட்டி பிளேடை மூடும். மரம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பின் டேபிள்தான். இழைத்த மரம் வந்து உட்காரும் அந்த டேபிள், பிளேடு சுற்றும்போது எட்டுகிற உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உயர்ந்தாலும் மரத்தின் முனை விளிம்பில் முட்டிக்கொள்ளும். ஆள் எரிச்சலில் அழுத்தித் தள்ளுவார். அப்போது கை இருப்பது பிளேடுக்கு நேர் மேலே. மரம் சட்டென விடுபட்டால் கை உள்ளே போகும். அந்த நேரத்தில் கையைக் காப்பாற்ற இருந்த ஒரே பொருளைத்தான் கழற்றி மூலையில் போட்டிருக்கிறீர்கள்.

பின் டேபிள் தாழ்ந்திருந்தால், மரத்தின் கடைசி ஓரிரு அங்குலத்தில் பள்ளம் விழும். உடனே பிளேடு மழுங்கிவிட்டது என்று சாணைக்கு அனுப்புகிறார்கள். சாணை பிடித்து மாட்டிய பிறகும் உயரம் பார்ப்பதில்லை. அப்புறம் பள்ளம் எப்படிப் போகும்?

பார்ப்பது சுலபம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். நேரான இரும்பு ஸ்கேலைப் பின் டேபிளில் வைத்து, பிளேடுக்கு மேலே நீட்டுங்கள். பெல்ட் புல்லியைப் பிடித்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளேடு ஸ்கேலை உரசியும் உரசாமலும் போக வேண்டும். ஒவ்வொரு பிளேடையும் இரண்டு ஓரத்திலும் பாருங்கள். பிறகு டேபிள் லாக்கை இறுக்குங்கள். இதை மறந்தால் அதிர்விலேயே டேபிள் இறங்கிவிடும். எவ்வளவு ஆழம் இழைப்பது என்பது முன் டேபிளின் வேலை. ஒரு ஓட்டத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும். பழைய வீடு இடித்த தேக்கு என்றால் முதலில் ஆணி தேடுங்கள்.

கார்டை இழுத்து விட்டுப் பாருங்கள். பாதியில் நின்றால் ஒட்டியிருக்கும் தூளையும் பிசினையும் சுரண்டுங்கள், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஃபென்ஸை முன்னால் நகர்த்தினால் அதன் பின்னால் பிளேடு திறந்து கிடக்கும், அதையும் மூட வேண்டும். வாங்கும்போதே கார்டு வரவில்லை என்று சொல்லாதீர்கள், செய்து மாட்டுங்கள். மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே சொன்னது.

"ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு, விரலை ஒட்டிடுவாங்க" என்றும் சிலர் தைரியம் சொல்கிறார்கள். ரம்பத்தில் துண்டாகும் விரல் வேறு. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் இந்த பிளேடு விரலைச் சீவித் தூளாக்கிவிடும். எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் இருந்தாலும், ஒட்டுவதற்குத் துண்டே இருக்காது.

பட்டறை வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ள இரண்டு தள்ளுகட்டை செய்து மெஷினிலேயே மாட்டி வையுங்கள். கையுறை போட்டு இழைக்க விடாதீர்கள். தம்பிகளே, ஒரு அடிக்குக் குறைவான கட்டையா? மெஷின் பக்கம் போகாதீர்கள், கை இழைப்புளியை எடுங்கள்.