ஓசை ஒத்திருந்தால் பொருளும் ஒத்திருக்குமா?

ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்க்கப்படும் உரைகளைச் சரிபார்ப்பது என் தொழில். சென்ற வாரம் வந்த இசை நிகழ்ச்சிக் குறிப்பு ஒன்றில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 'பி மைனர்' சுருதியில் இயற்றிய திருப்பலி இசை 'ஸி பெமோல் மினோர்' ஆகி, அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தது. இதை எத்தனையாவது முறையாகத் திருத்துகிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கலைச்சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் வேரிலிருந்து வந்தவை, ஆகவே எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையே இதற்கு மூலம். இங்கே ஒற்றை எழுத்தே காலை வாரிவிட்டது. ரஷ்யர்கள் சுரங்களைத் தோ, ரே, மி என்று சொல்வார்கள். எழுத்தால் குறிக்கும்போது ஜெர்மானிய முறையைப் பின்பற்றுவார்கள். அம்முறையில் 'பி' என்பது ஆங்கிலேயரின் 'பி பிளாட்', அதாவது அவர்களின் 'பி'க்கு அரைச்சுரம் கீழே உள்ள சுரம்; ரஷ்யத்தில் 'ஸி பெமோல்'. ஆங்கிலேயரின் 'பி'க்கு அங்கே 'ஹெச்' என்று பெயர். (பாக் தம் பெயரின் பி, ஏ, சி, ஹெச் என்ற நான்கு எழுத்துகளையும் சுரங்களாக்கிக் கோக்க முடிந்தது இந்த 'ஹெச்' இருந்ததால்தான்.) ஆகவே 'பி மைனர்' என்பது ரஷ்யத்தில் 'ஸி மினோர்'. அந்த 'ஸி' ஏழாம் சுரம். அதை ஆங்கில எழுத்து 'சி' என்று கொண்டு மீண்டும் 'திருத்தி' அனுப்பியவர்களும் உண்டு.

அறிவியலிலும் இதே கதைதான். சிலிக்கான் தனிமத்துக்கு ரஷ்யத்தில் 'கிரெம்னி' என்று பெயர். அங்கே 'சிலிகோன்' என்றால் கேக் அச்சு செய்யும் சிலிக்கோன். ஆங்கிலத்தில் 'டெக்கேட்' பத்து ஆண்டுகள், ரஷ்ய 'தெகாதா' வழக்கில் பத்தே நாட்கள். மூன்று 'டெக்கேட்', அதாவது முப்பதாண்டு, கண்காணித்த பனியாற்றை இப்படி ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். எனக்கு உண்மையில் அச்சம் தருவது 'ஆஞ்சைனா'. அது இதயவலி, ரஷ்யர்களின் 'அங்கீனா'வோ தொண்டை அழற்சி. இதயவலிக்கு அவர்கள் சொல் 'ஸ்தெனகார்தியா'. மருந்துக் குறிப்பில் இதைக் கவனிக்காமல் விடுபவருக்கு நான் சலுகை காட்டுவதில்லை.

அகராதியின் முதல் சொல்லோடு நிற்காதீர்கள். அந்தந்தத் துறையின் ரஷ்யப் பாடநூலைத் திறந்து பாருங்கள். தசமப் புள்ளி அங்கே காற்புள்ளி என்பதால், '1,250 மில்லிகிராம்' என்பதை அப்படியே விட்டால் ஒன்றேகால் மில்லிகிராமாக வாசிக்கப்படும். குரல்பதிவுக்கான உரையில் அழுத்தக்குறி இடுங்கள். ஒரே எழுத்துகளை முதல் அசையை அழுத்தி 'ஓர்கன்' என்றால் உடலுறுப்பு, இரண்டாம் அசையை அழுத்தி 'அர்கான்' என்றால் இசைக்கருவி. இவற்றுக்கெல்லாம் நேரமில்லையென்றால், ஓசை ஒத்துப்போகும் சொற்களின் அருகில் ஒரு கோடாவது இட்டு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.